சிவப்பு வீடு



ஒரு பெரிய வீட்டைக் கண்டால், இதில் யார் இருந்தார் என்று கேட்கிறோமேயொழிய, எவர் பாடுபட்ட பணத்தில் எழுந்தது என்று நம்மில் பலர் கேட்பதில்லை. லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத் என்னும் புறநகரில் ‘சிவப்பு வீடு’ என்று ஒன்று உண்டு. 1859-ல் பிலிப் வெப் என்பவர் திட்டம் போட்டுக் கொடுக்க, வில்லியம் மோரிஸ் என்ற 25 வயது வாலிபர் அதைக் கட்டுவித்து, மறுவருஷம் குடிபோனார்.

அக்காலத்தில் அந்நாட்டுச் செல்வர்கள் பலர் செங்கல்லின்மேல் காரை பூசி, கல்மாளிகைபோல் காட்டிக்கொள்வது வழக்கம். பித்தளைக்கு முலாம் பூசுகிற சங்கதிதான். வெப்புக்கு அந்தப் புரட்டு பிடிக்கவில்லை. செங்கல்லைச் செங்கல்லாகவே வெளியில் விட்டார். தெருவில் போகிறவன் மெச்சும்படி ஜன்னல்களை வரிசை பிடித்து வைக்காமல், உள்ளே எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அதன்படி வைத்தார். செங்குத்தாய்ச் சரிந்த ஓட்டுக்கூரை. வெளியே ஒரு கிணறு, அதற்கும் கூம்பாக ஒரு கூரை. ஆனாலும் முக்கிய அறைகளை வடக்குப் பார்க்க வைத்துவிட்டார். அந்தக் குளிர்தேசத்தில் அது பெரிய பிசகேயாகும்.

மோரிஸின் மனைவி ஜேன், குதிரை லாயத்தில் வேலை பார்த்தவரின் மகள். கல்யாணத்துக்கு மோரிஸ் வீட்டார் ஒருவரும் வரவில்லை. பிறப்பைப் பார்க்கும் வியாதி நமக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதைக் கவனியுங்கள்! அந்த அம்மையாரே துணிகளில் பூவேலை செய்து வீட்டை அலங்கரித்தார். சிநேகிதர் பர்ன்-ஜோன்ஸ் சுவரில் சித்திரம் எழுதினார். இந்தக் கைவேலைப் பழக்கத்திலிருந்துதான் 1861-ல் வீட்டு அலங்காரச் சாமான்கள் செய்யும் அவர்களது கம்பெனி பிறந்தது.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? டெவன்ஷயரில் ஒரு தாமிரச் சுரங்கம். அதன் 1024 பங்குகளில் 272 தகப்பனாருடையது. கைவேலையைக் கொண்டாடிய வீட்டுக்கு, பூமிக்கடியில் இறங்கினவன் வியர்வையே முதல்! இதனால் வெப்பின் செங்கல் பொய்யாகிவிடாது. ஆனால் கணக்கில் இதையும் எழுதித்தானாக வேண்டும். பிற்காலத்தில், 1883-ல், மோரிஸ் சமதர்மக் கட்சியில் சேர்ந்து, தெருமுனைகளில் நின்று தொழிலாளிக்காகப் பேசினார். தான் தின்ற சோற்றின் மூலத்தை அவர் அறியாமலிருந்திருக்க மாட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

சுரங்க வருமானமும் குறைந்து, உடம்பும் கெட்டு, 1865-ல் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. இரண்டு பெண்குழந்தைகள் பிறந்த அவ்வீட்டில் இருந்தது ஐந்தே வருஷம். பின்பு அது பல கைகள் மாறி, 2003-ல் புராதனக் கட்டிடங்களைக் காக்கும் பொது ஸ்தாபனத்தின் வசம் வந்தது. இப்போது டிக்கெட் வாங்கினால் லாயக்காரன் மகனும் முன்வாசல் வழியாகவே உள்ளே போகலாம்.