காலை ரயிலுக்குப் போகும் நம் சகோதரிகள்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதைதான் நம்ம திருவாலங்காடு வழியாகப் போகிறது. இன்னைக்கும் நம்ம பக்கத்தில் நிறைய குடும்பம் அந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் இருக்கு. விடியறதுக்குள்ள சமைச்சு, டப்பா கட்டி, மின்சார ரயில் பிடிச்சு திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் என்று போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களும் உண்டு. திரும்பி வரும்போது விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

வெளியூர்க்காரங்க, "உங்க ஊர் எவ்வளவு அமைதி!" என்பார்கள். பகலில் பாதிப் பேர் ஊரில் இல்லை, அதான் அமைதி.

நம்ம குழுக் கூட்டமோ பகல் 11 மணிக்கு. வேலைக்குப் போறவங்க சேமிப்புப் பணத்தை மாமியாரிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. கடன் கேட்டால், "நீதான் கூட்டத்துக்கே வர்றதில்லையே" என்கிறோம். இப்படியே போனால் அவர்கள் குழுவை விட்டுட்டு வட்டிக்காரனிடம் போய் நிற்பார்கள்.

பஞ்சசூத்திரத்தில் தவறாமல் கூட்டம் நடத்தணும்னுதான் இருக்கு. பகலில்தான் நடத்தணும்னு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைப்போம். இந்த விழாவிலேயே தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.