ஓடுதளத்தின் கணக்கில் ஏறாத புகை

கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைத் திறந்து, முழுக்கச் சூரிய ஒளியிலேயே இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. நல்ல முயற்சி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே சூரிய ஒளியில் இயங்குவது எது? முனையத்தின் விளக்கு, ஏசி, பயணிகளின் பெட்டி சுற்றிவரும் பெல்ட். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் துபாய்க்குக் கிளம்பும் விமானம் எரிப்பது சுத்திகரித்த மண்ணெண்ணெயைத்தான். அதில் ஒரு கிலோ எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால், மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கல்யாண வீட்டில் பந்தல் விளக்குக்கு மட்டும் கணக்கெழுதிவிட்டு, பந்திச் செலவை எழுதாமல் விட்ட கதைதான் இது.

இந்த மறதி கொச்சிக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுக்கவே கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது. விமானம் விடுகிற புகை எங்களுடையது அல்ல, விமான நிறுவனத்துடையது என்கிறது விமான நிலையம். உள்நாட்டு விமானங்களின் புகையாவது அந்தந்த நாட்டின் கணக்கில் ஏறுகிறது. எல்லை தாண்டும் விமானங்களின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்வதில்லை, தனியே ஒரு குறிப்பாக நின்றுவிடுகிறது. 1997இல் கியோட்டோவில் நடந்த காலநிலை மாநாட்டில் இந்தப் புகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2016இல், அதாவது பத்தொன்பது ஆண்டு கழித்து. அதுவும் புகையைக் குறைக்கும் திட்டம் அல்ல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால், வேறெங்கோ மரம் நட்டோ காற்றாலை வைத்தோ சேமித்த கார்பனைக் காசு கொடுத்து வாங்கி ஈடுகட்டலாம் என்ற ஏற்பாடு. இந்தியாவுக்கு அது கட்டாயமாவது 2027இல்.

உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு இரண்டரை சதவீதம்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். அந்த எண் சரிதான், ஆனால் அது பாதிக் கதைகூட இல்லை. விமானம் பறக்கும் உயரத்தில் குளிர் கடுமை. புகையில் உள்ள நீராவி உறைந்து, வால் பிடித்தாற்போல வெள்ளைக் கோடாக நிற்கும். சில நேரம் அந்தக் கோடு கலையாமல் விரிந்து மெல்லிய மேகமாகிவிடுகிறது. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை அது தடுத்துவிடும், இரவில் இன்னும் கூடுதலாக. இதையும் மற்ற வாயுக்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், விமானங்கள் தரும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாதவற்றால் வருகிறது என்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டில் விமானம் ஏறியவர்கள் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 சதவீதம். அடிக்கடி பறக்கும் ஒரே ஒரு சதவீத மக்கள், பயணிகள் விமானப் புகையில் சரிபாதிக்குப் பொறுப்பு. இரண்டரை சதவீதம் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், பெரும்பாலோர் இன்னும் விமானம் ஏறவே இல்லை என்பதுதான்.

இங்கேதான் நியாயமான மறுப்பு ஒன்று எழுகிறது. பணக்கார நாட்டினர் எழுபது ஆண்டு பறந்து தீர்த்தார்கள், நாம் ஏறும்போது மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் கட்டடத் தொழிலாளியிடம் யாரும் பறக்காதே என்று சொல்ல முடியாது. அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறப்பவருக்கு வழி இருக்கிறது. வந்தே பாரத் ரயில் அந்தத் தூரத்தை நாலரை மணி நேரத்துக்குள் கடக்கிறது. நகரத்திலிருந்து விமான நிலையம் போய், சோதனைக்கு வரிசையில் நின்று, இறங்கியபின் மறுபடி நகரத்துக்குள் வந்து சேரும் நேரத்தையும் கூட்டினால் வித்தியாசம் அதிகமில்லை. ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் இடங்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று பிரான்ஸ் சட்டம் போட்டது. அதில் நின்றுபோனவை மூன்றே தடங்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தைவிட, இருக்கை தாராளமாகக் கிடைக்கும் ரயில்தான் நமக்கு அவசரம்.

மாற்று எரிபொருள் வந்துவிடும் என்பார்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் வேளாண் கழிவிலிருந்தும் எடுக்கும் அந்த எரிபொருள், 2024இல் உலக விமான எரிபொருளில் அரை சதவீதம்கூட எட்டவில்லை. வடை சுட்ட எண்ணெய் எவ்வளவுதான் மிஞ்சும்?

பரந்தூரை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாவது விமான நிலையம், முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 10 கோடிப் பேரைக் கையாளும் என்கிறது திட்டம். இப்போதுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இன்று வந்துபோவோர் ஆண்டுக்கு இரண்டு கோடிக்குச் சற்று மேல். பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் ஏரிக்காகவும் வயலுக்காகவும் நடத்தும் போராட்டம் நமக்குத் தெரியும். வானத்தின் கணக்கு அந்த விவாதத்தில் அதிகம் அடிபடவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றில் ஒன்று போய் முட்டுகின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுதளம் அந்த ஆற்றின் மேலேயே போகிறது. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி, சூரிய ஒளிக்குப் பெயர்போன அதே கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் இயங்கவில்லை. வெப்பம் கூடக் கூடப் பெருமழை கூடும் என்று அறிவியல் சொல்லும் காலத்தில், நீர்நிலைகள் நிறைந்த நிலத்தில் ஓடுதளம் போடப் போகிறோம்.

தொழில் வளர வேண்டாமா, பெங்களூரும் ஹைதராபாத்தும் முந்திவிட்டனவே என்பது கடைசி வாதம். சென்னைக்குக் கூடுதல் இடம் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு பெரியது என்பதுதான் என் கேள்வி. பல்லாயிரம் கோடி போட்டுக் கட்டிய ஓடுதளம் சும்மா இருக்காது. போட்ட முதலை எடுக்க விமானங்களைக் கூவி அழைக்கும், அதுவும் ஐம்பது ஆண்டுக்கு. குறுந்தூரப் பயணிகளை ரயிலுக்குத் திருப்பியபின் மிச்சம் எத்தனை பேர் என்று பார்த்து அளவை முடிவு செய்வதுதான் முறை.

ஆகவே நேயர்களே, உங்கள் மாவட்டத்தில் விமான நிலையத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், முனையத்தின் மின்சாரக் கணக்கோடு திருப்தியடையாதீர்கள். அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் ஆண்டுக்கு எத்தனை டன் எரிபொருளை எரிக்கும் என்று கேளுங்கள். பதிலை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.