கூட்டு வியாபாரத்தை முறைப்படி முடித்தல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழில் தொடங்குவது எப்படி என்று உங்களிடம் பேசுவதற்குப் பலர் வந்து போயிருப்பார்கள். கடன் பெறுவது, மானியம் பெறுவது, யந்திரம் வாங்குவது ஆகியவற்றைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் நம் அலுவலகத்திலேயே கட்டுக் கட்டாக உள்ளன. ஆனால் தொடங்கிய தொழில் நடவாமற் போனால் அதைச் சட்டப்படி முடிப்பது எப்படி என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை. அமங்கலமான பேச்சு என்று நினைக்கிறார்களோ என்னவோ! கல்யாணத்திற்கு நாள் பார்ப்பது போல மில் திறப்பதற்கு நாள் பார்க்கிறோம். அதை மூடும்போது பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இன்று நான் பேச வந்தது இந்தப் பூட்டைப் பற்றித்தான்.

நம் கிராமங்களில் சிறு தொழில்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகவே நடைபெறுகின்றன. ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் நடத்துவது ஒன்று. இதில் தொழில் வேறு, அவர் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. கடையை மூடினாலும் கடன் அவருடையதே. உரிமங்களை ஒப்படைத்து, வரிக் கணக்கை முடித்து, பாக்கியைத் தீர்த்தால் வேலை முடிந்தது. மற்றொன்று இருவர் மூவர் சேர்ந்து முதல் போட்டு நடத்தும் கூட்டு வியாபாரம். சிக்கல் எல்லாம் இதில்தான். இதற்கென 1932-ஆம் ஆண்டிலேயே இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டம் இயற்றப்பட்டு, இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

மூவர் சேர்ந்து ஓர் எண்ணெய் ஆலை நடத்தினார்கள் என்று வைத்துக் கொள்வோம். மணிலா விளைச்சல் குறைந்தது. வெளியூரிலிருந்து டின்னில் வரும் எண்ணெயோடு போட்டி போட முடியவில்லை. ஆலையை நிறுத்தி விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாய்மொழியாகப் பேசிப் பிரிந்தும் விட்டார்கள். நான்கு மாதம் கழித்து, அவர்களில் ஒருவர் பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், ஆலையின் பெயரில் நாற்பது மூட்டை மணிலாவைக் கடனுக்கு வாங்கி விற்று விடுகிறார். பணம் வராத விவசாயிகள் யாரைக் கேட்பார்கள்? மூவரையும் கேட்பார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். கூட்டுக் கலைந்தது பற்றிப் பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை, முன்போலவே நிறுவனத்தின் பெயரால் ஒரு பங்குதாரர் செய்யும் காரியம் மற்றவர்களையும் கட்டுப்படுத்தும் என்று அந்தச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு கூறுகிறது. கடனுக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பாளிகள் என்பது 25-ஆவது பிரிவு. ஆகவே மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து விட்டு ஒருவர் ஒதுங்க முடியாது. வசதியுள்ளவரிடம் முழுத் தொகையையும் வசூலிக்கலாம். நிலம் வைத்திருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

பொது அறிவிப்பு என்றால் தண்டோரா போடுவதோ சாவடிச் சுவரில் ஒட்டுவதோ அன்று. தமிழ்நாடு அரசிதழிலும், தொழில் நடக்கும் மாவட்டத்தில் வெளியாகும் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றிலாவதும் அது வெளிவர வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. நிறுவனம் பதிவு பெற்றதாயின், மாவட்டப் பதிவாளரிடம் கலைப்பைப் பற்றிய நோட்டீஸையும் தாக்கல் செய்ய வேண்டும். இந்த நோட்டீஸை எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. கலைப்புக்கு முன்பு பங்குதாரராக இருந்த எவரும் கொடுக்கலாம். மற்றவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, நாற்பது மூட்டையின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பமே.

சரி, கூட்டு எப்போது கலைகிறது? எல்லோரும் சம்மதித்தால் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். பங்குப் பத்திரத்தில் காலவரம்பும், முடிக்கும் முறையும் குறிக்கப்படாமல் இருந்தால், ஒருவர் மற்ற எல்லோருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தே கலைத்து விடலாம். நோட்டீஸில் குறித்த தேதி முதல், தேதி குறிக்காவிட்டால் அது அவர்களுக்குச் சேர்ந்த தேதி முதல், கூட்டு கலைந்ததாகும். இதை நேரில் கொடுத்தால் கையொப்பம் வாங்குங்கள். இல்லையேல் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டு விட்டது, தபால் நிலையத்தில் அதைக் கேட்டு அலைய வேண்டாம்.) ஒரு பங்குதாரர் கணக்குக் காட்ட மறுத்தாலோ, முறைகேடு செய்தாலோ, நஷ்டமின்றித் தொழிலை நடத்தவே இயலாது என்றாலோ நீதிமன்றத்தை நாடலாம். நிறுவனம் பதிவு செய்யப்படவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பதிவு பெறாத நிறுவனத்திற்குப் பல வழக்குகளைத் தொடரும் உரிமை இல்லை என்பது உண்மையே. ஆனால் கலைக்கக் கோரும் வழக்குக்கும், கலைந்த நிறுவனத்தின் கணக்குக் கோரும் வழக்குக்கும் அந்தத் தடை கிடையாது.

ஒரு பங்குதாரர் காலமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அலுவலகத்திற்கு மனுவோடு வரும் விதவைத் தாய்மார்களைப் பார்த்தவன் நான். பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில், ஒருவரின் மரணத்தோடு கூட்டு கலைந்து விடுகிறது. இருவர் மட்டுமே பங்குதாரர்களாயின், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் கலைந்ததே. தனி ஒருவர் தமக்குத் தாமே கூட்டாளியாக இருக்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 1965-ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. நடைமுறையில் நடப்பது என்ன? இருப்பவர் ஆலையைத் தொடர்ந்து ஓட்டுகிறார். “கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், தங்கச்சி” என்று இரண்டு வருஷம் போகிறது. அந்த அம்மாள் அறிய வேண்டியது இது: கணக்கைத் தீர்க்காமல் இறந்தவரின் பங்குச் சொத்தைக் கொண்டு தொழில் நடத்தப்பட்டால், பத்திரத்தில் வேறு ஷரத்து இல்லாத பட்சத்தில், அந்தச் சொத்தினால் கிடைத்த லாபப் பங்கையோ, அல்லது அந்தப் பங்கின் மதிப்புக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, தாம் விரும்பும் ஒன்றை வாரிசுகள் கேட்கலாம். 37-ஆவது பிரிவு இதைக் கூறுகிறது. இறந்த தேதிக்குப் பிறகு மற்றவர்கள் வாங்கும் கடனுக்கு இறந்தவரின் சொத்து பொறுப்பாகாது என்பதும் அவருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் காலம் காத்திராது. கலைந்த கூட்டின் கணக்கையும் லாபப் பங்கையும் கேட்டு வழக்குத் தொடரக் கலைந்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளே கெடு. “பார்த்துச் சொல்கிறேன்” என்பதற்கு இரண்டு ஆண்டு போய்விட்டதென்றால், மீதி ஓர் ஆண்டுதான்.

இனிக் கணக்குத் தீர்ப்பு. மத்தியஸ்தம் செய்யும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும். சொத்தை விற்று வரும் பணத்தில் முதலில் வெளியாரின் கடன் தீர வேண்டும். பிறகு, பங்குதாரர் தம் முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்தது. பிறகு அவரவர் போட்ட முதல். மிச்சமிருந்தால் லாப விகிதப்படி. “நான் போட்ட முதலை முதலில் எடுத்துக் கொள்கிறேன்” என்பதற்கு இடமே இல்லை. மணிலாவைக் கடனுக்குக் கொடுத்த விவசாயி, பங்குதாரர்களுக்கு முன்பாகவே பணம் பெற வேண்டியவர்.

நம் எண்ணெய் ஆலையையே எடுத்துக் கொள்வோம். முதலாமவர் 4 லட்சம், இரண்டாமவர் 3 லட்சம், தொழில் தெரிந்த மூன்றாமவர் 1 லட்சம் முதல் போட்டார்கள். லாபம் மூவருக்கும் சமம். முதலாமவர் இடையில் 1 லட்சம் கைமாற்றாகவும் ஆலைக்குக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் விற்றதில் 9½ லட்சம் வந்தது. வங்கி, விவசாயிகள், கூலி, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து 5 லட்சம். அது போக 4½ லட்சம். கைமாற்று 1 லட்சம் போக 3½ லட்சம். போட்ட முதல் 8 லட்சம். ஆக நஷ்டம் 4½ லட்சம். லாபத்தைச் சமமாகப் பங்கிட்டவர்கள் நஷ்டத்தையும் சமமாகவே ஏற்க வேண்டும்: ஆளுக்கு 1½ லட்சம். மூன்றாமவர் போட்டதோ 1 லட்சம்தான். எனவே அவர் தம் கையிலிருந்து இன்னும் 50,000 ரூபாய் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதைச் சேர்த்து முதலாமவர் 2½ லட்சமும் இரண்டாமவர் 1½ லட்சமும் பெறுவார்கள். “உழைத்தவனுக்கு இதுவா நியாயம்?” என்று அவர் கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் தொடக்கத்திலேயே பத்திரத்தில் உழைப்பாளிப் பங்குதாரருக்கு நஷ்டப் பொறுப்பு இவ்வளவுதான் என்று எழுதிக் கொள்வதே. அப்படி எழுதிக் கொண்டாலும் அது பங்குதாரர்களுக்குள் மட்டுமே செல்லும். வெளிக் கடன்காரரை அது தடுக்காது.

வங்கிக் கடனுக்கு ஈடாக உள்ள யந்திரத்தை வங்கியின் சம்மதமின்றி விற்கக் கூடாது. கடன் தீர்ந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றும், அடமானத் தஸ்தாவேஜுகளும் திரும்ப வாங்குங்கள். மானியக் கடனில் தொடங்கிய தொழிலாயின் வங்கியில் முன்பே விசாரியுங்கள். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக நிற்பது. அதற்குள் மூடினால் அது கைக்கு வராமற் போகலாம். ஆலையில் வேலை செய்தவர்களின் கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ஊதியச் சட்டம். நிலமோ கட்டடமோ நிறுவனத்தின் பெயரில் இருந்தால், பத்திரம் எழுதுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். அதில் நான் யோசனை சொல்லப் போவதில்லை.

சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு உள்ளவர்கள், தொழிலை நிறுத்திய 30 நாட்களுக்குள் பதிவை ரத்துச் செய்ய விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான தேதி அல்லது ரத்து உத்தரவின் தேதி, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்திற்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு முன்பு எடுத்துக்கொண்ட வரி வரவையும் திருப்பிச் செலுத்த நேரிடும். வியாபாரமே இல்லையே என்று கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறிக் கொண்டே போகும். வருமான வரியும் அப்படியே: கலைந்த நாள் வரையுள்ள கணக்கைக் கொடுத்த பிறகே நிறுவனத்தின் நிரந்தரக் கணக்கு எண்ணை ஒப்படைக்க வேண்டும். கலைந்த பிறகும் வரிப் பாக்கிக்குப் பங்குதாரர்கள் பொறுப்பாளிகளே. உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் பதிவு ஆகியவற்றையும் ஒப்படைத்து விடலாம்.

மின் இணைப்பை மறந்து விடாதீர்கள். யந்திரம் ஓடாவிட்டாலும் தொழில் இணைப்புக்கு நிலைக் கட்டணம் உண்டு. துண்டிக்க எழுதிக் கொடுத்து, பாக்கி போக மீதி வைப்புத் தொகையைத் திரும்பக் கேளுங்கள்.

உற்பத்தியாளர் கம்பெனிகளாகப் பதிவு பெற்ற விவசாயிகளின் அமைப்புகளுக்கு இதுவரை சொன்னது பொருந்தாது. அவற்றைக் கம்பெனிகள் சட்டம், 2013-இன்படியே முடிக்க வேண்டும். பொறுப்புகளையெல்லாம் தீர்த்த பிறகே பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கோரலாம். கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவுத் துறைப் பதிவாளரே அதிகாரி.

நம் பஞ்சாயத்து அலுவலகத்தைப் பொறுத்தவரை இரண்டு காரியங்கள் உள்ளன. தொழில் உரிமத்தை ஒப்படைப்பது ஒன்று. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை விதிக்கப்படுவது. மூடியதை எழுத்து மூலம் தெரிவிக்காவிடில் கேட்புப் பதிவேட்டில் பெயர் நின்று கொண்டே இருக்கும். பின்னால் நிலுவை நோட்டீஸ் வந்ததும் செயலரிடம் சண்டைக்கு வருகிறார்கள். அவர் என்ன செய்வார்! மூடிய தேதியைக் குறித்துக் கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக் கொள்ளுங்கள்.

நாள்வழி, பேரேடு, ரசீதுப் புத்தகங்கள் யாரிடம் இருக்கும் என்பதைக் கலைப்புப் பத்திரத்திலேயே எழுதுங்கள். எழுதப்படாத ரசீதுகளை மூவர் முன்னிலையில் குறுக்கே கோடிட்டு ரத்துச் செய்து விடுங்கள். வரிக் கணக்குப் புத்தகங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கரையான் ஏறாத இடமாகப் பாருங்கள். பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தின் மாதிரி ஒன்றை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். மேஜை மேல் இருக்கிறது. வேண்டுவோர் பார்த்து எழுதிக் கொள்ளலாம்.