கூத்துக்காரருக்கும் வயிறு உண்டு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்க நிதியை எதற்குக் கொடுப்பது என்று பிற்பகல் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் கதை.

நியூயார்க்கில் வாழும் லூயிஸ் மிராண்டா, போர்ட்டோரிக்கோ தீவில் வேகா ஆல்டா ஊர்க்காரர். லத்தீன் அமெரிக்க வழிவந்த மக்களின் சிறு அமைப்புகளுக்குக் கைகொடுக்க 1990-இல் ஹிஸ்பானிக் ஃபெடரேஷனைத் தொடங்கியவர். மகன் லின்-மானுவல், 'ஹாமில்டன்' இசை நாடகம் எழுதியவர்.

2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்டது. விளக்கில்லை, குடிநீரில்லை. நாமாயிருந்தா 'முதல்ல சோறு, அப்புறம் கூத்து'ன்னு சொல்லியிருப்போம். அவர்கள் நிவாரணத்துக்கும் நிதி திரட்டினார்கள்; கூத்துக்காரருக்கும் வயிறு உண்டு என்பதை மறக்கவில்லை.

2019 ஜனவரியில் மகனே மீண்டும் வேஷம் கட்டி, தலைநகர் சான் ஹுவானில் மூன்று வாரம் ஹாமில்டனாக நடித்தார். குலுக்கலில் பத்து டாலர் டிக்கெட்டும் உண்டு. பணக்காரர் டிக்கெட் விலையை மட்டும் கேட்காதீங்க! வருமானம் ஃப்ளாம்போயன் கலை நிதிக்குப் போய், அங்கிருந்து தீவின் நாடகம், இசை, நடனக் குழுக்களுக்குச் சேர்ந்தது.

சிக்கல் இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக அரங்கைக் குடும்பமே செலவு செய்து பழுது பார்த்தது. கடைசி நேரத்தில் நாடகத்தை வேறு அரங்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செப்பனிட்ட அரங்கோ பல்கலைக்கழகத்துக்கே மிஞ்சியது.

நம்ம நாடக மன்றத்துப் பசங்க ஒரு ஒலிபெருக்கி செட் கேட்டிருக்காங்க. கட்டட நிதிக்குக் கீழே அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.