சீலோவாம் கோபுரமும் நம் நாவும்
(யூபிலி ஆயத்த நவநாளில் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் ஆலயத்துக்கு வெள்ளையடிப்பதும் கொடியேற்றுவதும் மட்டுமல்ல. நம் மனச்சான்றைச் சோதித்துப் பார்க்கும் காலமும் அதுவே. கையால் செய்த பாவங்கள் நமக்கு எளிதில் நினைவுக்கு வருகின்றன. நாவால் செய்யும் ஒரு பாவத்தை இன்று சிந்திப்போம். துன்பத்தில் வீழ்ந்தவரைப் பார்த்து, "அவர்கள் செய்த பாவம்" என்று தீர்ப்புக் கூறும் பாவம் அது.

கரீபியன் கடலில் ஹெய்ட்டி என்றொரு ஏழை நாடு உண்டு. கத்தோலிக்கர் நிறைந்த நாடு. 2010 ஜனவரி 12 மாலை, ஐந்து மணிக்குச் சற்று முன், அங்கே நிலம் அதிர்ந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது. தலைநகரின் பேராலயம் இடிந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ உயிரிழந்தார். ஏழைக் குழந்தைகளுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த பிரேசில் நாட்டு மருத்துவர் சில்டா ஆர்ன்ஸ் அம்மையாரும் அங்கேயே மடிந்தார்.

மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் ஒரு விளக்கம் சொன்னார். பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுதலை பெற அந்த மக்களின் முன்னோர் சாத்தானுடன் உடன்படிக்கை செய்துகொண்டார்களாம்; அன்றுமுதல் சாபம் தொடர்கிறதாம்! பிணங்கள் இன்னும் எடுக்கப்படவில்லை. அதற்குள் இந்தப் பேச்சு.

கேட்டவர்கள் கொதித்தெழுந்தனர். வெள்ளை மாளிகையின் பேச்சாளரே அதை மடமை என்றார். பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்களும் கண்டித்தனர். ஹெய்ட்டியின் தூதர் ரேமண்ட் ஜோசப் நிதானமாகவே பதில் சொன்னார்: தம் முன்னோரின் கிளர்ச்சியால்தான் பிரான்சு லூசியானா நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விற்க நேர்ந்தது என்று நினைவூட்டினார்.

அந்நாட்டின் உண்மைக் கதைதான் என்ன? அடிமைகளாயிருந்தவர்கள் போராடி 1804-இல் விடுதலை பெற்றனர். 1825-இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, முன்னாள் எசமானர்களுக்கு நட்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் தொகை குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன் தலைமுறை தலைமுறையாக நாட்டை நசுக்கியது. ஏழையின் வீட்டில் போதிய கம்பியும் சிமெண்டும் இராது. அதே ஆண்டு பிப்ரவரி 27-இல் சிலி நாட்டில் அதைவிடப் பன்மடங்கு வலிய நிலநடுக்கம் வந்தது. மாண்டவர் ஐந்நூறு பேருக்குச் சற்று அதிகம். அங்கே கட்டிடச் சட்டங்கள் இருந்தன. உறுதியான சுவர்கள் இருந்தன. ஹெய்ட்டியில் அத்தனை பேரைக் கொன்றது சாபமா, வறுமையா?

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி நம் ஆண்டவர் பேசியதை லூக்கா எழுதியிருக்கிறார். அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் ஏற்கவில்லை. மனந்திரும்பும்படி அவர் சொன்னது மாண்டவர்களுக்கு அல்ல, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு.

ஆகவே, அந்தப் போதகரைப் பழித்துவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்ப முடியாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது நாம் என்ன பேசினோம்? வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் கடல் புகவில்லை என்று புதுமையாகப் பேசினோம். அதே கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் செவியில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணினோமா? அப்படியானால் அவள் பிள்ளையை மாதா கைவிட்டாரா? குடிசை எரிந்தால் "குடித்துவிட்டுக் கிடந்திருப்பான்" என்கிறோம். ஆறுதல் சொல்லப் போன துக்க வீட்டில், குருக்களாகிய நாமும் "தேவ சித்தம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்ததுண்டு. அதற்காக இறைவன் நம்மை மன்னிப்பாராக.

அன்பர்களே, இந்த யூபிலியில் ஒரு தீர்மானம் செய்வோம். அடுத்த துயரச் செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், காரணம் தேடுமுன் கையைத் திறப்போம். சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சிலுவையடியில் நின்ற வியாகுல மாதா அங்கே பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவர் அங்கிருந்து அகலவுமில்லை. அந்தத் தாய் நம் நாவைக் காப்பாராக.

ஆமென்.