3 பவுன் வரியும் 16 வயதும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தில்லையாடி வள்ளியம்மை என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் பட்டு மாளிகைக்கு அந்தப் பெயர். 2008-ல் அஞ்சல் தலை வந்தது. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், தில்லையாடியில் நினைவு மண்டபம் நிற்கிறது. ஆனால் அந்தப் பெண் எதற்காகச் சிறை சென்றாள் என்று கேட்டால், "காந்தியோடு போராடினாள்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். பிழைக்க வந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்தப் பதில் போதாது.

1860 நவம்பரில், சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911-க்குள் ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் உழைப்பில் கரும்பு விளைந்தது, சுரங்கம் ஓடியது. 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் வெள்ளை அரசு என்ன சொன்னது? மறுபடி கூலியாகக் கையெழுத்துப் போடு; இல்லையேல் ஊருக்குக் கப்பல் ஏறு; இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டு! இது 1895-ல் வந்த சட்டம். முதலாண்டில் ஒப்பந்தக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. பிறகு 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும்கூட இந்த வரி நீண்டது.

வள்ளியம்மை 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். தந்தை முனுசாமி சிறு வியாபாரி. அந்த ஊர் இருப்பது டிரான்ஸ்வாலில்; வரி இருந்ததோ நேட்டாலில். அந்த வரி அவள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இதை நாம் மறக்கக் கூடாது.

1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணம் செல்லாது என்றார். தாலி கட்டி வாழ்ந்த நம் தாய்மார் ஒரே நாளில் மனைவி என்ற உரிமை இழந்தார்கள். பெண்கள் பொங்கி எழுந்தார்கள். அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், ஆறு பேர் கைக்குழந்தைகளோடு, அனுமதியின்றி எல்லை கடந்து நேட்டாலுக்குள் நுழைந்தார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய், "இந்த வரி ஒழியும்வரை வேலைக்குப் போகாதீர்கள்" என்றார்கள். சுரங்கம் நின்றது. பின்னர் கரும்புத் தோட்டங்களும் நின்றன. சுரங்கத்தில் இருந்தவர்கள் தமிழர் மட்டும்தானா? தெலுங்கர் இருந்தார்கள், வடநாட்டார் இருந்தார்கள். அந்தத் தாய்மார் மொழி பார்க்கவில்லை.

அந்தப் பெண்களின் வழியில் வள்ளியம்மையும் தாயோடு புறப்பட்டாள். கிடைத்தது 3 மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டது. விடுதலையாகி வந்தபோது எழுந்து நடக்கத் தெம்பில்லை. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்றாள். இதை எழுதி வைத்தவர் காந்தியே. 1914 பிப்ரவரி 22-ல் உயிர் பிரிந்தது. வயது 16.

அதே ஆண்டு 3 பவுன் வரி ஒழிந்தது. திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. அதைப் பார்க்க அவள் இல்லை. ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் அவளுக்கும், 1909-ல் சிறைவாசத்தால் மாண்ட இளைஞன் நாகப்பனுக்கும் எழுப்பிய நினைவுக் கற்களை, 1914 ஜூலையில் காந்தி திறந்து வைத்தார்.

தோழர்களே, நம் கதைக்கு வருவோம். 1960-களின் இறுதியில் பம்பாயில் தென்னிந்தியரை விரட்டு என்ற கூச்சல் எழுந்தது. நம் கடைகளும் உணவு விடுதிகளும் தாக்கப்பட்டன. 2008-ல் அதே நகரில் அடி விழுந்தது வடநாட்டுத் தொழிலாளி முதுகில். இன்று நம் சொந்தத் தமிழ்நாட்டிலேயே பிகார்க்காரனையும் ஒடிசாக்காரனையும் "வடக்கன்" என்று ஏளனம் செய்யும் வாய்கள் இருக்கின்றன. கட்டடம் கட்டுபவன் அவன், சாலை போடுபவன் அவன். நம் பாட்டன் நேட்டாலில் எப்படி நின்றானோ, அப்படித்தான் அவன் நம் வாசலில் நிற்கிறான்.

"இது நம் பிரச்சினை இல்லை" என்று நாம் சொல்லலாம். வள்ளியம்மையும் சொல்லியிருக்கலாம். 3 பவுன் வரி அவள் வீட்டு வரி அல்லவே!

அவள் படத்துக்கு மாலை போடுவோம். அதோடு வீடு திரும்பிவிட வேண்டாம். கூலி மறுக்கப்பட்டு, ஊரும் மொழியும் தெரியாமல் தவிக்கும் எந்த மாநிலத் தொழிலாளியும் நம் சங்கத்தின் கதவைத் தட்டலாம் என்ற நிலையை உண்டாக்குவோம். அதுவே அந்த 16 வயதுப் பெண்ணுக்கு நாம் செலுத்தும் கடன்.