அழுத்தாதே, ஊது!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க" என்றுதான் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் பதினான்கு வருடமாக பம்ப் வடிவமைப்பில் இருக்கிறவன். சாயங்காலம் ஆறரை மணிக்கு, சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருக்கிற நேரத்தில், பம்பைப் பற்றிப் பேசினால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். ஆகவே நம் கல்லூரி பேண்டில் நான்கு வருடம் நான் வாசித்த, இன்றைக்கும் காலையில் அரைமணி நேரம் வாசிக்கிற டிரம்பெட்டைப் பற்றிப் பேசுகிறேன். நான் வித்வான் இல்லை. பெரிய கலைஞர்கள் பயிற்சியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். டிரம்பெட் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயை மடித்துச் சுருட்டியது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. இதில் சீவாளி கிடையாது. வாசிப்பவனுடைய உதடுதான் சீவாளி. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வேண்டுமென்றால் உதடு ஒரு விநாடிக்கு 440 தடவை திறந்து மூடணும். ஒரு ஸ்தாயி மேலே போனால் 880 தடவை. சீவாளி பழுதானால் வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். உதடு பழுதானால்?

இங்கேதான் எல்லாப் பிரச்னையும் ஆரம்பிக்கிறது. மேல் ஸ்வரம் வரவில்லை என்றால், புதிதாகக் கற்பவன் என்ன செய்வான்? மவுத்பீஸை உதட்டோடு சேர்த்து அழுத்துவான். அழுத்தினால் வரவும் வரும்! அதுதான் ஆபத்தே. உதடு பல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். மரத்த உதடு அதிராது. அதிராததால் இன்னும் அழுத்துவான். மேல் ஸ்வரத்துக்குக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளேயிருந்து மூச்சாக வரணும். வெளியிலிருந்து கையால் வரக்கூடாது.

நான் படித்தபோது பேண்டில் எங்களையெல்லாம்விட நன்றாக வாசித்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஜனவரி 26 அணிவகுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது தினமும் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று ஒரேயடியாகப் பயிற்சி நடந்தது. உதடு வீங்கியிருந்தும் அவர் விடவில்லை. அணிவகுப்பு பிரமாதமாக நடந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் அவரால் ஒரு ஸ்வரத்தைக்கூடச் சுத்தமாகப் பிடிக்க முடியவில்லை. வெறுத்துப்போய் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்றுவரை தொடவில்லை. அவரிடம் "நிறுத்துப்பா" என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று நினைக்காதீர்கள். ஜாஸ் உலகின் மாமன்னர் லூயி ஆம்ஸ்ட்ராங்கே உதட்டுப் புண்ணால் 1930களின் நடுவில் சில மாதம் வாசிப்பை நிறுத்தவேண்டி வந்தது. உதட்டைச் சுற்றியிருக்கும் தசை கிழிந்துபோகும் நிலைக்கு மருத்துவர்கள் பிற்காலத்தில் அவருடைய செல்லப் பெயரையே வைத்தார்கள்.

சரி, பெரியவர்கள் என்ன வழி சொல்கிறார்கள்? நான் படித்ததில் நான்கைச் சொல்கிறேன்.

ஒன்று, மெல்லிய ஒலியில் பழகு. அமெரிக்காவின் சூசா பேண்டில் கார்னெட் வாசித்துப் புகழ்பெற்றவர் ஹெர்பர்ட் கிளார்க். 1912-ல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலை இன்றும் உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். அதில் அவர் கேட்பது சத்தம் இல்லை. மிக மெல்லிய ஒலியில், ஒரே மூச்சில், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார். பலமாக ஊதும்போது உதட்டின் குறைகள் சத்தத்தில் மறைந்துவிடும். மெல்ல ஊதும்போது ஒளிய இடம் கிடையாது.

இரண்டு, வாசித்த அளவுக்கு ஓய்வு கொடு. இதைச் சொல்லாத டிரம்பெட் ஆசிரியரைப் பார்ப்பது அரிது. பத்து நிமிடம் ஊதினால் பத்து நிமிடம் கருவியைக் கீழே வை. அந்தப் பத்து நிமிடமும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். அப்போது விரலை மட்டும் வால்வில் ஓட்டலாம், ஸ்வரத்தை வாயால் பாடிப் பார்க்கலாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அதில் ஒரே பெரிய அடி என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மூன்று, வராத இடத்தை அதிக நேரம் வாசி. விண்டன் மார்சாலிஸ் ஒரே ஆண்டில் ஜாஸுக்கும் மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் கிராமி வாங்கியவர். 1995-ல் வந்த தன் நூலில் பயிற்சிக்கு 12 வழிகள் தருகிறார். அட்டவணை போடு, நிதானமாக வாசி, கஷ்டமான இடத்துக்கு அதிக நேரம் கொடு, பிறர் மெச்சுவதற்காக வாசிக்காதே என்பவை அவற்றில் சில. நம்மில் பலர் நன்றாக வருகிற பாட்டையே ஜன்னல் பக்கம் திரும்பி வாசித்துக்கொண்டிருப்போம்! (சிரிப்பு)

நான்கு, கருவி செய்யவேண்டிய வேலையை உதட்டின் தலையில் கட்டாதே. இது நம்ம சப்ஜெக்ட். அரை ஸ்வரம் இறங்க, குழாய் ஏறக்குறைய 6 சதவீதம் நீளவேண்டும். இரண்டாம் வால்வு அந்த 6-ஐத் தரும். முதல் வால்வு 12, மூன்றாவது 19. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மொத்தம் 31. ஆனால் ஐந்து அரை ஸ்வரம் இறங்க 33-க்கு மேல் வேண்டும். இந்தச் சின்னப் பற்றாக்குறையால் ஸ்ருதி ஏறிப்போகும். தெரியாதவர் அதை உதட்டை வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பார். தெரிந்தவர் மூன்றாம் வால்வின் ஸ்லைடை, அதிலுள்ள வளையத்தில் விரலை மாட்டி, லேசாக வெளியே தள்ளுவார். அதற்காகத்தானே அந்த வளையமே!

இங்கே நடத்துகிற ஆசிரியர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல ஆசை. சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். நுரையீரல், தசை இவற்றையெல்லாம் மருத்துவர் மாதிரி படித்தவர். மூச்சை அளக்கும் கருவிகளை வகுப்பிலேயே வைத்திருந்தார். இருந்தும் மாணவனிடம் "இந்தத் தசையை இறுக்கு, அதைத் தளர்த்து" என்று அவர் குழப்பவில்லை. நல்ல நாதத்தை மனசுக்குள் கேள், காற்றைத் தாராளமாக விடு, உடம்பு தானே வழி கண்டுபிடிக்கும் என்பதே அவர் பாடத்தின் சாரம். ஆசிரியருக்கு நூறு தெரியலாம். மாணவனிடம் ஒன்றைச் சொன்னால் போதும்.

அதே இசைக்குழுவில் 1948-லிருந்து 2001 வரை 53 வருடம் முதன்மை டிரம்பெட் நாற்காலியில் இருந்தவர் அடால்ஃப் ஹெர்செத். கல்லூரியில் படித்தது கணிதம்! 1952-ல் கார் விபத்தில் அவருக்கு உதடு கிழிந்தது, பற்கள் போயின. டிரம்பெட்காரருக்கு இதைவிட என்ன கேடு வரவேண்டும்? அதன்பிறகும் திரும்பி வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வாசித்திருக்கிறார். அந்த உதட்டை வைத்துக்கொண்டு வெறும் பலத்தால் இத்தனை வருடம் ஓட்டியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. உச்ச ஸ்தாயிக்குப் பெயர்போன மேனார்ட் ஃபெர்குசன் 1960களின் பிற்பகுதியில் இந்தியா வந்து, மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேல் ஸ்வரங்களுக்குத் தனக்கு உதவியது யோக முறை மூச்சு என்று அவரே சொல்லிவந்தார். கையின் பலத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! பேண்டில் இல்லாதவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். செமஸ்டர் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி இரண்டு இரவு விழித்துப் படிப்பதும், மவுத்பீஸை அழுத்துவதும் ஒரே ரகம். அன்றைக்குக் காரியம் நடக்கும். மறுநாள் எதுவும் மிஞ்சாது. வேலைக்குப் போனபிறகும் இதே பழக்கம்தான் கூட வரும். ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் அனுப்புகிற என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பேண்டு பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. ஜனவரி 26-க்கான பயிற்சியை இந்த வருடம் ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். தினமும் நாற்பது நிமிடம் போதும்: இருபது ஊதுவதற்கு, இருபது ஓய்வுக்கு. உதடு வீங்கினால் அன்றைக்கு விடுமுறை. அதற்கு யாரிடமும் கடிதம் கொடுக்கவேண்டாம். பேண்டு அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்ட என் செட் நண்பர்கள் சார்பில் ஏற்பாடு செய்திருக்கிறோம். எப்போது தொடங்கவேண்டும் என்பதற்கு அல்ல, எப்போது நிறுத்தவேண்டும் என்பதற்குத்தான் அந்தக் கடிகாரம்.